சாக்ஸ் ஏகாம்பரம் கேட்ட ஊர்வலம்

காலையில் கடை ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, டிரம்பெட் குமார் போன் செய்தான். "அண்ணன் போயிட்டாருபா" என்றான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. காஞ்சிபுரத்துப் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு அண்ணன் என்றால் சாக்ஸபோன் ஏகாம்பரம் ஒருவர்தான். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "வாசிக்கச் சொல்லியிருந்தாரே, இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டான். ஷட்டரை மறுபடியும் இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? இளவயதில் மெட்ராஸ் ஹோட்டல் ஒன்றில் வாசித்து ஜாஸ் கற்றவர், அதைக் கொண்டுவந்து நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் இறக்கினார். தெரிந்த சினிமாப் பாட்டில்தான் ஆரம்பிப்பார். நடுவில் பாட்டை விட்டுவிட்டு, கிளாரினெட், டிரம்பெட் என்று ஒவ்வொருவரும் மனம்போன போக்கில் வாசித்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து பாட்டுக்குத் திரும்புவார்கள். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். "பாட்டு எல்லாருக்கும் தெரியும்பா. நடுவுல நீ இன்னா பேசுற, அதான் வாசிப்பு" என்பார் அண்ணன்.

டிஜே வண்டியும் செண்டை மேளமும் வந்து பேண்டு செட்டுகளை ஓரங்கட்டியபோது சங்கம் ஆரம்பித்தவர் அவர். வருஷம் ஒருமுறை எல்லா செட்டுகளையும் ஒரே மண்டபத்தில் வாசிக்க வைத்தார். நான் ரெக்கார்டிங் கடைக்காரன். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பழைய வாத்தியக்காரர்களின் வீடுவீடாக அலைந்து பதிவு செய்ய வைத்தார். தாமல் கிராமத்தில் ஒரு கிளாரினெட்காரருக்கு இரைப்பு. அந்தச் சத்தத்தைப் பதிவிலிருந்து நான் வெட்டி எடுத்ததற்கு அண்ணன் என்னைக் கண்டபடி திட்டினார். "அவரு மூச்ச வெட்றதுக்கு நீ யாரு?" என்றார். நான் மறுபடியும் சேர்த்தேன்.

ஆனால் அதே தாமல்காரரைச் சங்கத்தை விட்டு நீக்கியதும் அண்ணன்தான். சாவு வீட்டில் வாசித்த செட்டைக் கல்யாண வீட்டார் கூப்பிட மாட்டார்கள். அதனால் சங்கத்தில் யாரும் சாவுக்கு வாசிக்கக் கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். தாமல்காரர், செத்துப்போன தன் மனைவியைத் தூக்கும்போது கிளாரினெட்டை எடுத்து வாசித்துவிட்டார். கட்டிய பெண்டாட்டிக்குத்தானே வாசித்தார் என்று நாங்கள் கெஞ்சினோம். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரு சோறும் போயிடும்பா" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் அதற்கப்புறம் கிளாரினெட்டைத் தொடவே இல்லை.

போன வருஷம் நுரையீரல் கெட்டு அண்ணன் வாசிப்பை நிறுத்தியபின், ஒருநாள் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ பார்த்தார். ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரில், பிணத்துக்கு முன்னால் பேண்டு வாசித்துப் போகிறார்கள். முடிந்ததும் அண்ணன் மறுபடியும் போடச் சொன்னார். "அங்க இதே சாக்ஸ வாசிச்சுக்கினு வழியனுப்புறான். நான் வாசிச்சவன தொரத்தினேன்" என்றார். தாமலுக்குப் போனோம். அந்தக் கிளாரினெட்காரர் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார், யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று அண்ணன் சங்கத்தில் கேட்டார். பிழைப்பு என்னாவது என்றார்கள். "சரி, எனக்கு மட்டுமாவது வாசிங்கபா" என்றார். அந்தப் பெரிய மனுஷன் அப்படிக் கேட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அண்ணனை எடுக்கும்போது சங்கத்தார் எல்லோரும் வந்தார்கள், வாத்தியம் இல்லாமல், வெறுங்கையோடு. முகூர்த்த நாள் வேறு, சாயங்காலம் கல்யாண வாசிப்பு இருந்தது. "அண்ணன் போட்ட சட்டம்தானே" என்று குமார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் அண்ணன்மேலும் வந்தது. பாடைக்கு அவனும் தோள் கொடுத்தான். வழக்கமாக வரும் சாவு மேளக்காரர்கள் முன்னால் அடித்துப் போனார்கள்.

சாயங்காலம் குமாரும் அவன் செட்டுக்காரர்களும் குளித்து, யூனிபார்ம் போட்டுக்கொண்டு கல்யாண ஊர்வலத்துக்குப் போனார்கள். நானும் மைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நடுவில் பாட்டை விட்டார்கள். நெடுநேரம் பாட்டுக்குத் திரும்பவில்லை. குமார் கண்ணைத் துடைக்காமல் வாசித்தான். யாருக்காக வாசிக்கிறார்கள் என்று தெரியாத மாப்பிள்ளை வீட்டார் கைதட்டி, இன்னொன்று வாசிக்கச் சொன்னார்கள். கைதட்டலோடு அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. அண்ணன் கேட்ட ஊர்வலம் என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.