சாலமன் காரில் பாடிய வானொலி

ஞாயிற்றுக்கிழமை சாலமனிடமிருந்து அழைப்பு வந்தால் அது ஒரே விஷயத்துக்குத்தான். அதனால் போனை எடுத்ததுமே, "என்னய்யா, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் இருந்தது அவர் மனைவி மெர்சி அக்கா. "பாய், அவர் போயிட்டார் பாய். காலைல எழுப்பினேன், எழுந்திரிக்கவே இல்ல" என்றார். நான் கேட்ட கேள்வியை நினைத்து இன்னும் கூசுகிறது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கார்களுக்கான பவர் கன்வெர்ட்டர் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து, டேஷ்போர்டில் இருக்கும் திரைக்கும் கேமராவுக்கும் தருகிற போர்டு அது. அதற்காக உள்ளே ஒரு சுவிட்ச் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும். வடிவமைப்பது நான், சோதிப்பது அவர். நான் கட்டுவேன், அவர் இடிப்பார். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது.

பெரிய சண்டை அந்தச் சுவிட்சின் வேகத்தைப் பற்றித்தான். நான் வைத்த வேகத்தில் கிளம்பிய இரைச்சல் நேராக மீடியம் வேவ் வானொலியில் போய் விழுந்தது. வேகத்தை இன்னும் ஏற்று, வானொலி அலைவரிசையைத் தாண்டிப் போகட்டும் என்றார் சாலமன். ஏற்றினால் போர்டு கொதிக்கும். "பேஜார் பண்ணாதய்யா. இந்தக் காலத்துல மீடியம் வேவ் எவன் கேக்குறான்?" என்று கத்தினேன். அவர் நிதானமாக, "எங்க வீட்ல கேக்குறா பாய்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடங்களை எல்லாம் மாற்றி, சூட்டை அடக்கி, அவர் கேட்ட வேகத்துக்குக் கொண்டுபோனேன். வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. மின் அலையை வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையில், சுவிட்ச் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு கூரான நடுக்கம். கெபாசிட்டர் மாற்றினேன், காயில் மாற்றினேன், போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கடைசியில் பார்த்தால், அளக்கிற புரோபின் எர்த் வயரை நீளமாகத் தொங்கவிட்டிருந்தோம். அந்த வயரே ஆன்டெனாவாகி நடுக்கத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. வயரைச் சுருக்கியதும் திரை அமைதியாகிவிட்டது. இல்லாத நோய்க்கு இருவரும் சேர்ந்து வைத்தியம் பார்த்திருக்கிறோம்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார் மனுஷன். "போர்டைத் திட்டினியே பாய், அதுகிட்ட ஒரு சாரி சொல்லு" என்றார். சொன்னேன், சத்தியமாக.

லேபில் எல்லாம் தேறினாலும் சாலமனிடம் இன்னொரு பரீட்சை பாக்கி இருக்கும். புது போர்டைத் தன் காரிலேயே மாட்டுவார். ஞாயிறு பிரார்த்தனை முடிந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்க இறங்குவார். அக்கா வண்டியிலேயே வானொலி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாலமன் திரும்பும்போது வானொலி பாடிக்கொண்டிருந்தால் போர்டு பாஸ். அணைத்திருந்தால் ஃபெயில். உள்ளே புது போர்டு இருக்கிறது என்று அக்காவிடம் மூச்சு விட மாட்டார். "சொன்னா காது இரைச்சலைத் தேட ஆரம்பிச்சிடும் பாய். அவ பாட்டைத்தான் கேக்கணும்" என்பார்.

எங்கள் கடைசி போர்டைச் சனிக்கிழமை மாலை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் அக்கா கூப்பிட்டார். கல்லறைக்குப் போக வேண்டும், வண்டி ஓட்ட வீட்டில் ஆளில்லை. அதே காரை ஓட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட் பக்கம் பூ வாங்க நிறுத்தியபோது, அக்கா பழக்கத்தில் கையை நீட்டி வானொலியைப் போட்டார். போர்டைப் பற்றி மூச்சு விடாமல் இறங்கினேன். பூக்காரம்மா மாலை கட்டி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாலமன் கேட்க ஆசைப்பட்ட பதில் அந்த வண்டிக்குள் இருந்தது.

திரும்பி வந்தால் வானொலி அணைந்திருந்தது.

"இரைச்சலா இருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய், நல்லாத்தான் பாடுச்சு. பாட்டு ஓட ஓட, மீன் பையோட அவர் வராரான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதான் அணைச்சிட்டேன்."

மாலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்காதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

இப்போது அதே மாதிரி போர்டு ஒன்று என் காரிலும் ஓடுகிறது. என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளை வண்டியில் விட்டுக் கடைக்கு இறங்குகிற நாளெல்லாம் வானொலியைப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். திரும்பும்போது கொஞ்சம் தள்ளி நின்று காது கொடுக்கிறேன். சாலமன், நீ எனக்கு விட்டுப்போனது இதுதான்.

பாடுதுய்யா. பாஸ்.