பன்னிரண்டு கதவு லயம்

எங்கள் தொழிலில் தும்மக் கூடாது. தும்மினால் ஒரு வரிசை ஜன்னல் பறந்துபோய் சோபாவுக்கு அடியில் விழும். அப்புறம் பொழுது முழுக்க முழங்காலில் நின்று தேட வேண்டியதுதான்.

ரவாங்கில் என் வீட்டு முன்னறையில் லேசர் மெஷின் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அதில் கல்யாணத்துக்குப் பெயர்ப் பலகை வெட்டினேன். இப்போது மேசை மேல் ஓடுகிற குட்டி ரயில்களுக்குப் பக்கத்தில் வைக்கிற கட்டடங்கள் செய்கிறேன். நிஜத்தில் இருநூற்று இருபதில் ஒரு பங்கு. ஒரு ஆள் எட்டு மில்லிமீட்டர் உயரம். கடையில் கிடைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கட்டடம். நம் ஊர்க் கட்டடம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். அட்டையை வெட்டி, ஒட்டி, சாயம் பூசிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற என் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது பொம்மை வீடு, அவ்வளவுதான்.

பாதி ஸ்டேஷன்

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் கோலா குபு பாரு ஸ்டேஷன் கேட்டார். பூதக்கண்ணாடியோடு வந்து, ஒரு ஜன்னல் அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். மூன்று தடவை வெட்டினேன். இவ்வளவு கறாரான மனுஷன் ஆயிற்றே என்று பிளாட்பாரத்தை முழு நீளத்துக்குச் செய்து வைத்தால், பாதியாக நறுக்கச் சொல்கிறார்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரை மில்லிமீட்டருக்கு அந்தப் பாடு படுத்தினீங்களே டாக்டர், இப்ப பாதி ஸ்டேஷனே வேணாமா?" என்றேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. மேசை சின்னது, நீளமான கட்டடத்தைச் சுருக்கி வைத்துவிடுவார்கள், கண்ணும் ஏமாந்துவிடும். டாக்டர் கேட்டார்: "முழு நீளம் வச்சா என் ரயில் எங்கம்மா திரும்பும்?"

இல்லாத மாடி

சபாக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணியாம், ஆபீஸ் கணக்குப்பிள்ளை. பழைய போட்டோவில் கிராணி வீடு தாழ்வான பலகை வீடாக இருந்தது. அதற்கு ஒரு மாடி வை, கார் நிற்க முன்னால் கூரை வை என்றார். "அது துரை பங்களாம்மா," என்றேன். மகனுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அவனுடைய ரயில் மேசையையும் பார்ப்பார்களாம்.

வெட்டிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? "போட்டோ வேற மாதிரி சொல்லுதேம்மா" என்று மட்டும் முனகினேன். அந்த அம்மா அசரவில்லை. "போட்டோவ யாரு தேடப் போறா? கண்ணு முன்னால இருக்குறதத்தானே நம்புவாங்க!"

பச்சைக் கதவு

அப்புறம் ஒரு வீடமைப்புக் கம்பெனி வந்தது. கோலா சிலாங்கூர் பக்கம் நான் பிறந்த தோட்டத்தை வாங்கிய கம்பெனி. பழைய தோட்டத்தை மேசையில் வைத்து, சுற்றிலும் ரயில் ஓடவிட்டு, ஷோரூமுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான நிஜ லயத்தை அவர்களே இடித்தாயிற்று. பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு குடும்பம். கதவுக்கு ஒரு புது வீடு என்று வாயால் சொல்லி, எல்லாரையும் ஒழுகுகிற பலகைக் கொட்டகையில் குடிவைத்திருந்தார்கள். குடியிருந்தவர்கள் பெயர் எழுதிய புத்தகத்தைக் கேட்டால், கரையான் தின்றுவிட்டதாம்.

ஏழாவது கதவு என் சித்தி காளியம்மாளுடையது. நான் வேலையை ஒப்புக்கொண்டது கேட்டு பஸ் பிடித்து வந்துவிட்டார். அட்டை கருகும் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே கழிவுநீர்க் கால்வாய் எங்கே, குழாய் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. கிளம்பும்போது சொன்னார்: "ஏழாவது கதவுக்குப் பச்ச அடிச்சிரு. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம் லா."

ஆறு போதும்

கணக்குப்படி வெட்டினால் லயம் ஒரு சாண் நீளம் வந்தது. தண்டவாளம் வளைகிற இடத்தில் போய் முட்டியது. நான்தான் கைதேர்ந்தவள் ஆயிற்றே! ஆறு கதவாகச் சுருக்கினேன். சித்தி முகம் ஞாபகம் வந்து, கடைசிக் கதவுக்குப் பச்சை அடித்தேன். 'இத்தோட்டத்தில் பிறந்தவர் செய்தது' என்று பித்தளைத் தகடு வேறு பதித்தார்கள். பல்லை இளித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி அதிகாரி தினேஷ் நம் பையன்தான், மரியாதையாகப் பேசுவார். "லயம் இன்னும் நீளமா இருந்துச்சோக்கா?" என்று கேட்டார். "பன்னெண்டு கதவு சார். ஆறு போதும், யாரு வந்து எண்ணப் போறா?" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவர் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிக்கா, ஆறே இருக்கட்டும்."

எண்ணினார்கள்

வீடு கொடுப்பது பற்றிப் பேச எல்லாரையும் ஷோரூமுக்கே கூப்பிட்டார்கள். நான் சித்தியோடு போனேன். தினேஷ் நான் செய்த லயத்தின் கதவுகளைப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆறு கதவு, ஆறு வீடு. "அலாமா! சுருக்கினது நான், உங்ககிட்ட சொன்னேனே!" என்று கத்தினேன். "எழுத்துல இருக்காக்கா?" என்று கேட்டார். அப்புறம் என் தகட்டைக் கூட்டத்துக்குக் காட்டி, உங்கள் தோட்டத்துப் பிள்ளையே செய்தது என்றார்.

சித்தி குனிந்து பார்த்து, "பச்சக் கதவு இருக்கே, அது என்னுது!" என்றார். ஆறாவது வீட்டு லெட்சுமி அத்தை விடவில்லை. "கடைசியா இருக்குறது ஆறாவது, அது என்னுது." முப்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், என் ஒன்பது மில்லிமீட்டர் கதவுக்காக ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு. சித்தியை ஓரமாக இழுத்து, மேசை சின்னது, ரயில் திரும்ப இடம் வேண்டும், அதனால்தான் வெட்டினேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். குட்டி ரயில் வளைவில் திரும்பி வருவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ரயிலு திரும்ப எடம் விட்டியே, நான் திரும்பிப் போக எங்கடி எடம்?"

மீதி ஆறு கதவையும் வெட்டி, ஏழாவதுக்குப் பச்சை அடித்து, டப்பாவில் போட்டுத் தும்மாமல் காத்துவருகிறேன். எண்ணத்தான் யாரும் வரவில்லை.