என் கைக்கு அடங்கிய மூச்சு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புரொபசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், முயலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று. நான் வைத்தேன். அறுபதுகளின் கடைசியில், ராயபுரத்தில் ஒரு கல்லூரியின் மருந்தியல் லேபில் நான் டெக்னீஷியன். அம்மா போன பிறகு திருவொற்றியூர் வீட்டில் நான் ஒருத்திதான். வெள்ளை முயல் ஒன்றுக்கு ராணி என்று பெயரிட்டு, கீரை போடும்போது பஸ்ஸில் நடந்த சண்டைவரை எல்லாம் அவளிடம் சொல்வேன்.

அட்டெண்டர் தேவராஜ் சும்மா விடுவானா? “இன்னாக்கா, வூட்ல பேச ஆளில்லன்னு இத்தாண்ட பேசிக்கினு கீறியா?” என்பான். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் பற்றிக்கொண்டு வரும்.

மாணவர்களுக்கு நிகோடின் டெமான்ஸ்ட்ரேஷன். முயலின் மார்பைச் சுற்றி ரப்பர் குழாய் கட்டுவோம். அது மூச்சு விட விட, புகை படிந்த காகிதம் சுற்றிய டிரம்மில் முள் கோடு கிழிக்கும். மருந்துக்கு முன்னால் ‘நார்மல்’ கோடு வேண்டும். அத்தனை பேரைப் பார்த்த முயலுக்கு ஏது நார்மல்? ராணி மட்டும் என் கை முதுகில் பட்டால் அடங்கிவிடுவாள். அதனால் புரொபசர் அவளைத்தான் கேட்டார்.

கை வைத்தேன். கோடு சீராக ஓடியது. காது நரம்பில் நிகோடின் ஏற்றினார்கள். மூச்சு எகிறியது. இரண்டாவது டோஸில் மூச்சு நின்று, கோடு படுத்துவிட்டது. யார் சொல்லவும் நான் காத்திருக்கவில்லை. மார்பை அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். வெகுநேரம் கழித்துக் கோடு தானாக எழுந்தது. எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டேன்.

சில வாரம் கழித்து மறுபடி ராணி. கட்டி முடித்துக் கை வைத்தேன். கோடு தாறுமாறாக எகிறியது. கையை எடுத்தேன், அடங்கியது. வைத்தேன், எகிறியது. ஊசி இன்னும் டிரேயில்தான் இருந்தது.

புரொபசர் டிரம்மைப் பார்த்தார், பிறகு என்னை. “இது இனிமே நமக்கு ஆகாதும்மா. கழட்டிடு.”

அப்படித்தான் ராணி பிழைத்தாள். குட்டி போட விட்டுவிட்டார்கள்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழக்கிய கையே பிராணியைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. அதற்கு வேறு ஆளை வையுங்கள்.

கடைசிவரை கீரை போட்டது நான்தான். நான் அறையை விட்டுப் போனால்தான் தின்ன வருவாள். கதவுக்கு வெளியே நின்று, அவள் கொறிக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.