புதுக் கரவனும் சோற்று ஆவியும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என் கணவருக்குக் கரவன் ஆசை பிடித்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீட்டைத்தான் கரவன் என்கிறேன். அவர் வேலை செய்த பொதிக் களஞ்சியத்தில், சாப்பாட்டு இடைவேளையில் நோர்வேக்காரர் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைப்பார்களாம். இவர் மட்டும் சும்மா இருந்து பாண் சாப்பிட வேண்டியிருந்ததாம். சக வேலையாட்களோடு கதைக்க ஒரு விசயம் வேண்டும் என்பதற்காக யாராவது ஒரு வீட்டை வாங்குவார்களா? இவர் வாங்கினார்.

"பழசு வேண்டாம், ஒழுகும். புதுசு எண்டால் கூரைப் பக்கமே பார்க்கத் தேவையில்லை" என்றார்.

நாங்கள் இருந்தது புருசெத்தில், அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில். கரவனை அங்கே நிறுத்த இடமில்லை. லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடும் முற்றமும் வைத்திருந்த அவருடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அக்காவின் கணவரை இவர் அத்தான் என்பார், நான் அண்ணை என்பேன். அண்ணைக்குத் தெரியாத தொழில் உலகத்தில் இல்லை. செய்து முடித்த வேலைதான் ஒன்றும் இல்லை.

கரவன் வந்த நாளே சட்டங்களும் வந்தன. சப்பாத்து வெளியே. பொரியல் கூடாது. சோறு கூடாது. தேத்தண்ணீர் வைப்பதென்றாலும் வெளியே, சின்ன எரிவாயு அடுப்பில். கதிரைகளில் தொழிற்சாலை சுற்றிய பிளாஸ்ரிக்கைக் கழற்ற ஒரு மாதம் எடுத்தது. உள்ளே இருந்த அடுப்பின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளைக் கழற்ற அவர் விடவேயில்லை. முதல் கோடையில் மூன்று முறை ஏரிக்கரைக்குப் போனோம். மூன்று முறையும் நான் குந்தியிருந்து, நுளம்பு கடிக்க, புல்லில் வைத்துச் சமைத்தேன். இதை விடுமுறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது பயணத்தில் மழை. திரும்பி வந்து இரண்டு கிழமை கழித்துக் கதவைத் திறந்தபோது ஈரத் துணியை மடித்து வைத்த நாற்றம் வந்தது. எனக்கு அந்த நாற்றம் புதிதல்ல. ஒரு நீச்சல் மண்டபத்தில் பதினொரு வருடமாக நான் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். ஆவி படிந்த சுவர் எப்படி இருக்கும், குழாய் கசிந்த சுவர் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆவி என்றால் எங்கும் வேர்க்கும். கசிவு என்றால் ஓரிடத்தில் தொடங்கி, மண்ணிறக் கோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கும்.

கட்டிலின் தலைமாட்டில், இடது மூலையில் அந்தக் கோடு இருந்தது. சுவர்த்தாள் பொரித்த அப்பளம் போல உப்பியிருந்தது. விரலால் அமத்தினேன். தேத்தண்ணீரில் தோய்த்த பாணுக்குள் போவது போல விரல் உள்ளே போனது.

"கையை எடும்! நீர் அமத்தி அமத்தித்தான் பழுதாப் போகுது" என்று கத்தினார் இவர்.

அண்ணை வந்து பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "புது வண்டி முதல் வருசம் கொஞ்சம் வேர்க்கும். இதுக்குப் போய் ஏன் பயப்பிடுறியள்? என்னட்டை குளியலறைக்குப் பூசின சிலிக்கோன் மிச்சம் கிடக்கு."

"தண்ணி வெளியிலை இருந்து வருது அண்ணை. வெளியிலை ஏறியெல்லோ பார்க்கவேணும்?" என்றேன்.

"பிள்ளை, உமக்கு இது விளங்காது."

அண்ணைக்கு ஏணி பயம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மூலை நெடுகிலும் உள்ளே இருந்தபடியே சிலிக்கோனைப் பூசினார். அக்கா தட்டில் வடை கொண்டுவந்து கொடுத்தா. மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். கூரையால் வந்த தண்ணீர் இனி உள்ளே வராமல் சுவருக்குள்ளேயே தங்கி மரத்தை ஆறுதலாகத் தின்னும். அதற்குத்தான் அந்த வடை.

அடுத்த வசந்தத்தில் பனி உருகி முடிய, மூலை முழுவதும் கறுத்துவிட்டது. அப்போதுதான் விற்ற கடைக்கு இழுத்துக்கொண்டு போகச் சம்மதித்தார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

வாங்கிய அன்று எங்களுக்குக் கேக் வெட்டித் தந்த விற்பனையாளர் எங்களைக் கண்டதும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பட்டறைப் பொறுப்பாளர் வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்தார். அது கீச்சிட்டது. அவர் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் நோர்வே மொழியில் கேட்டார்:

"உள்ளே நிறையச் சோறு சமைப்பீர்களோ? சோற்று ஆவி பொல்லாதது. உங்கள் ஆட்களின் வண்டிகளில் இது வழக்கம்."

என் கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஓ, கொஞ்சம் சமைப்போம்தான்" என்றார்.

ஒரு கரண்டி சோறுகூட அதற்குள் வேகவில்லை. வேக விடாதவரே அவர்தான். பட்டறைக்காரரின் பொய் எனக்குச் சுடவில்லை, அவருக்குத் தன் கடையைக் காப்பாற்ற வேண்டும். பக்கத்தில் நின்றவரின் தலையாட்டல்தான் சுட்டது. வந்த காலம் தொட்டு இந்த நாட்டில் அவர் அப்படித்தான். வீட்டுக்காரர் சொன்னாலும் தலையாட்டுவார், மேலாளர் சொன்னாலும் தலையாட்டுவார். சிரித்துக்கொண்டு ஒருவன் குற்றம் சாட்டினால், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். ஏன் அப்படி ஆனார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினதற்காக மதிப்பு வந்துவிடாது.

நான் அடுப்பின் மூடியைத் தூக்கினேன். ஒட்டியிருந்த தாள் சுருக்கம் விழாமல் பளபளத்தது.

"நாங்கள் எங்கே சமைத்தோம் என்று காட்டுங்கள்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "அப்படியானால் மூச்சு. படுக்கும்போது மனிதர் விடுகிற மூச்சும் ஈரம்தான்."

"மூச்சு எல்லாச் சுவரிலும் படும். மற்ற மூலைகளில் உங்கள் கருவியை வையுங்கள்."

வைத்தார். கருவி மூச்சுக் காட்டவில்லை.

கூரையில் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொன்னேன். இன்று நேரமில்லை, திகதி எழுதித்தருகிறேன் என்றார். நேரம் எனக்கு இருந்தது. கரவனின் வாசற்படியில் இருந்துகொண்டேன். கடைக்கு முன்னால் புதுக் கரவன்கள் வரிசையாக நின்றன. சனிக்கிழமை, சனம் வந்துகொண்டிருந்தது. ஒரு நோர்வேத் தம்பதி என்னிடம் வந்து, இந்த ரகம் நல்லதா என்று கேட்டார்கள்.

"நல்லது. மழை பெய்யாத நாட்டுக்கு நல்லது" என்றேன்.

என் கணவர் காருக்குள் போய் இருந்துவிட்டார். இன்னொரு குடும்பம் என்னை நோக்கி வரத் தொடங்கியதும் பொறுப்பாளர் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தார்.

நான் உள்ளே போய், கை துடைக்கும் சமையலறைத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, கூரையோரம் நெடுக ஒட்டினேன். அவர் ஏணியில் ஏறி நின்று, நான் சொன்னபடி பின்பக்கத்தில் தொடங்கி மெதுவாக முன்னுக்கு அடித்துக்கொண்டு வந்தார். பின்பக்கத் தாள்கள் காய்ந்தபடி இருந்தன. முன் இடது மூலைக்குத் தண்ணீர் வந்து நாலைந்து நிமிடத்தில் அங்கேயிருந்த தாள் கறுத்து, கனத்து, தானாகக் கழன்று கட்டிலில் விழுந்தது. அண்ணையின் சிலிக்கோனுக்குப் பக்கத்தால் புது வழி கண்டுபிடித்து ஒரு துளி இறங்கியது.

வெளியே அவர் ஓரத்துத் தகட்டை மூடியிருந்த பிளாஸ்ரிக் பட்டியைக் கழற்றினார். திருகாணி போடும் நாலு துளைகள் வெறுமையாக இருந்தன. அடியில் பூசியிருக்க வேண்டிய பசையும் இல்லை. தொழிற்சாலையில் யாரோ மறந்து விட்டிருக்கிறார்கள். பொறுப்பாளர் இறங்கி, காரடிக்குப் போய், கண்ணாடியைத் தட்டி, என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நனைந்த தாளோடு நின்றேன்.

வீடு திரும்பும்போது கேட்டேன்: "ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"அந்தாள் சிரிச்சுக்கொண்டு கேட்டது. என்னெண்டு இல்லை எண்டுறது?"

"நான் சொன்னனான்தானே."

"உமக்கென்ன, நீர் சொல்லுவீர்" என்றார், அது ஒரு குறை என்பது போல.

மூன்று கிழமையில் தருகிறோம் என்றார்கள். யூலை வந்தது. யூலையில் இந்த நாட்டில் பட்டறையும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கரவனோடு போய்விடுவார்கள். எங்களுடையது செப்ரெம்பரில் வந்தது. மற்றச் சுவர்களில் சாம்பல் நிற இலைகள், திருத்திய மூலையில் நீலக் கோடுகள். அதே சுவர்த்தாள் இப்போது இல்லையாம். வாங்கி ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. கூடவே ஒரு கடிதம்: வருடாவருடம் கொண்டுவந்து ஈரம் சோதிக்காவிட்டால் உத்தரவாதம் செல்லாது. அவர்கள் மறந்த திருகாணிக்கு நாங்கள் காவல்.

"நீலம் வடிவாத்தான் இருக்கு" என்றார் இவர்.

அந்த மாரியில் கூரையில் பனி ஏறியது. பாரத்தில் கூரை பதிந்துவிடும் என்று அண்ணை நீட்டுத் தடியில் பனி அள்ளும் இரும்புச் சவளைக் கட்டி, நிலத்தில் நின்றபடியே சுரண்டியிருக்கிறார். கூரையில் வெளிச்சத்துக்கென்று வைத்த ஜன்னலின் விளிம்புப் பசை பிய்ந்துவிட்டது. வசந்தத்தில் நடுக்கூரையில் புது வட்டம்.

அண்ணை சிலிக்கோன் குழாயோடு வந்தார். "வையுங்கோ அதை" என்றேன். அவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் நான் கதைத்ததில்லை. அக்கா ஜன்னலை மூடினா.

அந்தக் கிழமை நான் நீச்சல் மண்டபத்தின் திருத்த வேலைக்காரரிடம் கேட்டு, என்ன வேண்டும் என்று அறிந்து வாங்கினேன். கறுப்பு மெழுகு போல இழுபடுகிற, எப்போதும் இறுகாத ஒட்டுநாடா ஒரு சுருள். ஜன்னலைக் கழற்றி, பழைய பசையைக் கூர் சீவிய மரத்துண்டால் சுரண்டி எடுக்க அரை நாள் போனது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, நாடாவை ஒட்டி, ஜன்னலைத் திரும்ப இருத்தித் திருகாணிகளை முறுக்கினேன். பலகை போட்டு அதன்மேல் முழந்தாளில் நின்றேன், தகடு நெளியாமல் இருக்க. கீழே என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கவனம், கவனம்!" என்றார்.

"நான் விழமாட்டன்."

"இல்லையப்பா, கூரை நெளியப் போகுது."

அந்தக் கோடையில் மேற்குப் பக்கம் போனோம், ஒரு குடாக்கடல் ஓரம். நாலு நாள் விடாத மழை. ஒரு துளி உள்ளே வரவில்லை. ஒழுகாத கரவனுக்குள் நாலு நாள் இருப்பது எவ்வளவு சலிப்பு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கரவன்காரர் குடையோடு வந்தபோது, கூரை ஜன்னலை மறுபடி ஒட்டுவது எப்படி என்று என் கணவர் அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கினார். நாடாவின் பெயரைப் பிழையாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. பிழையான நாடாவை வாங்கி ஒட்டி அந்த மனிதர் நனையட்டும் என்றிருந்தது.

இன்னும் மூன்று கோடை வைத்திருந்தோம். வருடத்துக்கு இருமுறை நான் ஏறினேன்: பேர்ச் மர விதைகளைக் கூட்டி, பாசியைக் கழுவி, ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்து இறங்குவேன். பிறகு களஞ்சியத்தில் கதை மாறிவிட்டது. எல்லோரும் ஸ்பெயினில் வீடு வாங்குவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். கரவனை விற்பது என்று முடிவானது.

வாங்க வந்தவர் வயதான நோர்வேக்காரர். சொந்த ஏணி கொண்டுவந்திருந்தார். கூரைக்கு ஏறி, ஜன்னல் விளிம்பைக் குனிந்து பார்த்து, "இதை ஒட்டியது யார்?" என்று கேட்டார்.

என் கணவர் உடனே என்னைக் கைகாட்டினார். நான் அதை ஒட்டிய நாலு வருடத்தில் முதல் தடவை. அதன் காரணமும் எனக்குத் தெரியும். ஏறியவர் பிழை பிடிக்கப் போகிறார் என்று பயந்துவிட்டார்.

வாங்க வந்தவர் ஆறுதலாக இறங்கி வந்து, கையைத் துடைத்து, எனக்குத்தான் கை தந்தார். "பட்டறைக்காரர்கூட இப்படிச் செய்யமாட்டார்கள்" என்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்தனாங்கள்" என்றார் என் கணவர், அந்த மனிதருக்கு விளங்காத தமிழில், என்னைப் பார்த்து.