கோத்தா பாரு வரை ஒரு தொட்டில்

சுங்கை லாலாங்கில் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த குணாளன், முருகையாவின் இரண்டாவது மகன். கிடங்கில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. முன்னால் பெட்டிகளை உயர அடுக்கிக்கொண்டால் பாதை தெரியாது என்பதால், அந்த வண்டியைப் பெரும்பாலும் பின்னோக்கியே ஓட்ட வேண்டும். குணாளன் அதில் கெட்டிக்காரர். இதுவரை ஒரு சுவரையும் இடித்ததில்லை. பின்னோக்கி ஓட்டுவதில் இவ்வளவு தேர்ச்சி பெற்றவர் குடும்பத்தோடு கிளம்பினாலும் பாதி வழியில் திரும்பிவிடுவது இயல்புதான் என்று அவருடைய அண்ணன் காளிதாசன் சொல்லிவந்தார். அது நியாயமான பேச்சன்று. பயணங்கள் பாதியில் நின்றதற்கு வண்டி காரணமில்லை. குழந்தையின் தூக்கமே காரணம்.

குணாளனுக்கும் யோகேஸ்வரிக்கும் பிறந்த ஒரே மகள் தியாஷினி. அவளுக்கு இரண்டரை வயது. நன்றாகச் சாப்பிடுவாள், எல்லாரிடமும் பேசுவாள், காரில் பாட்டுப் பாடுவாள். இரவில் அப்பாவை ஒட்டிப் படுத்தால் தூங்கிவிடுவாள். ஆனால் பகலில் புவாயில் போட்டால்தான் தூங்குவாள். சுருள்கம்பியைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் கைலியை மாட்டி, குழந்தையை உள்ளே போட்டு மேலும் கீழுமாக ஆட்டும் தொட்டிலுக்கு மலேசியாவின் கெடா மாநிலத்தில் அதுதான் பெயர். தியாஷினியின் புவாயில் தொங்கியது, யோகேஸ்வரியின் பழைய பாத்தேக் கைலி. சிவப்பில் பெரிய பெரிய மஞ்சள் செம்பருத்திப் பூக்கள் போட்டது.

லங்காவிக்குப் புறப்பட்டபோது புவாயை எடுத்துப் போகவில்லை. கோலா கெடா படகுத்துறையில் குழந்தை அழுத அழுகையில் வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். குணாளன் அந்த வழியாகப் படகுக்குப் போகாமல் காருக்குத் திரும்பினார். கேமரன் மலைக்குப் புறப்பட்டபோது புவாயை எடுத்துப் போனார்கள். விடுதி அறையில் அதை மாட்ட விட்டம் இல்லை. மலையில் ஏறிய களைப்பு தீருமுன்பே இறங்கினார்கள். அதற்குப் பிறகு, மடக்கி எடுத்துப் போகக்கூடிய இரும்புக் கால் தாங்கி ஒன்றை குணாளன் வாங்கினார். ஆனால் அதற்குள் 'பூசிங் குணா' என்ற பெயர் கிடங்குவரை போய்விட்டது. மலாய்க்காரர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் என்று கிடங்கில் எல்லாருக்கும், திரும்பிவிடுகிறவர் என்ற பொருளில் அது உடனே விளங்கியது.

இந்த நிலையில்தான் கிழக்குக் கரையில் இருக்கும் கோத்தா பாருவிலிருந்து யோகேஸ்வரியின் அக்காள் புஷ்பவள்ளி அழைத்தார். அவருடைய கணவர் விக்னேஸ்வரன் அரசாங்கச் சுகாதார ஆய்வாளர். சபாவில் உள்ள தாவாவுக்கு அவருக்கு மாற்றல் வந்திருந்தது. மாத முடிவில் வீட்டைக் காலி செய்கிறார்கள். படுத்த படுக்கையாக இருந்து அண்மையில் காலமான மாமனாரை விட்டு நகர முடியாமல் இருந்த புஷ்பவள்ளி, தங்கையின் குழந்தையை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

"தாவாவ் போய்ட்டா அப்புறம் பிளைட்டுதான் யோகேஸு. பாப்பாவ போன்லயே பாத்துப் பாத்து, எனக்கு அவ தலையும் தோளும் மட்டுந்தான் தெரியும். காலு எப்படி இருக்கும்னே தெரியாது."

யோகேஸ்வரி தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. கழுவப் பாத்திரம் ஏதும் இல்லை என்பது குணாளனுக்குத் தெரியும்.

"போலாம்," என்றார் குணாளன்.

"போயிட்டு?"

"போயிட்டு, பாத்துட்டு, வரலாம்."

"பாதி வழிக்கா, முழுசுக்கா?"

"முழுசுக்கு. சத்தியமா முழுசுக்கு."

வாக்குக் கொடுத்துவிட்ட மனிதர் ஆயத்தங்களில் குறைவைக்கக் கூடாது என்பது குணாளனின் கொள்கை. காரின் டயர்களைச் சரிபார்த்தார். சுருள்கம்பிக்கு எண்ணெய் போட்டார். பிறகு விக்னேஸ்வரனைப் பற்றி யோசித்தார். விக்னேஸ்வரன் உணவுக் கடைகளுக்குள் நுழைந்து மேசையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பவர். தம் கல்யாணத்திலேயே சமையல்காரரிடம் கையைக் காட்டச் சொன்னவர் என்று பேச்சு. அவர் வீட்டுக் கூடத்தின் நடுவில் பால் கறையும் எச்சில் கறையும் படிந்த கைலியைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? புறப்படுவதற்கு முதல் நாள், பகல் தூக்கம் முடிந்த மகளோடு யோகேஸ்வரி கடைக்குப் போயிருந்த நேரத்தில், குணாளன் அந்தக் கைலியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை துவைத்து, மணத்துக்கு லாவண்டர் திரவம் ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்து, மடித்து, பெட்டியில் வைத்தார். தம்முடைய இரவுக் கைலியை அவர் துவைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டப்போகும் கைலியை யார் ஆய்வு செய்யப் போகிறார்கள்?

காலையில் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது காளிதாசன் வந்து நின்றார்.

"டேய், முன் டயருக்கு வெச்சா எப்படிடா? ஒனக்குப் பின் டயருக்குத்தான் மொதல்ல வெக்கணும்."

"நாலுக்கும் வெச்சிருக்கண்ணே."

"சரிலா. ராத்திரிக்குச் சோறு எடுத்து வெக்கச் சொல்றேன். எப்படியும் வந்துடுவே."

யோகேஸ்வரி காருக்குள்ளிருந்து, "எங்களுக்கு வேணாம் மாமா, நீங்களே சேத்துச் சாப்புடுங்க," என்றார். பழங்கள் நசுங்கின. கார் புறப்பட்டது.

கோலா கெட்டில் வரை தியாஷினி பாடினாள். பாலிங்கில் வாழைப்பழம் சாப்பிட்டாள். மலைப் பக்கமாக ஏறிக் கிரிக்கை நெருங்கும்போது கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். திட்டப்படி எல்லாம் நடப்பதில் குணாளனுக்கு ஒரு நிறைவு. ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில், மழைமரத்து நிழலில், இரும்புக் கால்களை விரித்து, கம்பியைத் தொங்கவிட்டு, கைலியை மாட்டி, மகளை உள்ளே போட்டார்.

தியாஷினி துணியில் மூக்கைத் தேய்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"இது பாப்பா துணி இல்ல."

"பாப்பா துணிதான்மா. பாரு, பூவு."

"இல்ல. இது கடத் துணி." அழத் தொடங்கினாள்.

யோகேஸ்வரி குனிந்து கைலியை முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"ஏங்க. தொவச்சீங்களா?"

"தொவச்சேன்."

"எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு."

"அந்த அழுக்குலதாங்க அவ தூங்குறா."

குணாளன் புவாயை மடக்கிக் காரில் ஏற்றினார். குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. கடையிலிருந்து வெளியேறும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. அதன்பின் காடும் மலையும்தான், ஜெலி வரும்வரை ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. வலப்பக்கம் திரும்பினால் பாலிங், சுங்கை லாலாங், அண்ணன் வீட்டுச் சோறு. குணாளன் நின்றார். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியது. அவர் கை தன்னிச்சையாகச் சமிக்ஞைக் கம்பிக்குப் போனது. வலப்பக்க விளக்கு மின்னியது.

யோகேஸ்வரி அதைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பூசிங் பண்ணுங்க. நான் பாப்பாவத் தூக்கிட்டு இங்கயே எறங்கிக்கிறேன். யாராச்சும் லிஃப்ட் குடுப்பாங்க. இல்லாட்டி யானை வரும், அதுமேல ஏறிப் போறோம்."

அந்தச் சாலையில் யானை குறுக்கிடும் என்று எழுதிய மஞ்சள் பலகைகள் உண்டு. ஆகவே அது முற்றிலும் வெறும் பேச்சு என்று சொல்ல முடியாது. குணாளன் விளக்கை அணைத்தார். இடப்பக்கம் திரும்பினார்.

அதன்பின் வந்த மலைப்பாதையைப் பற்றி அவருக்கு அதிகம் நினைவில்லை. பண்டிங் ஏரியின் பாலத்தைக் கடந்தார்கள். ஏரி அழகாக இருந்திருக்க வேண்டும். தியாஷினி அழுதாள், களைத்து நிறுத்தினாள், கண் செருகும்போது விழித்து மறுபடி அழுதாள். தொலைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. திரும்ப வேண்டுமானால் சாலை அகலமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது அவர் கண்ணில் பட்டது. திரும்பாமல் இருப்பதற்கு இவ்வளவு உடலுழைப்பு தேவைப்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை, கழுத்துவரை வலித்தது.

மலை உச்சியில் ஓய்விடம் ஒன்று இருந்தது. சில கடைகள், கழிவறை, மூடுபனி. குணாளன் கூரைக்கு அடியில் புவாயை மறுபடி விரித்தார். பிறகு, எந்தக் கைலியைச் சுத்தம் செய்ய அவ்வளவு பாடுபட்டாரோ, அதை அழுக்காக்கும் வேலையைத் தொடங்கினார். தம் கழுத்திலும் கையிலும் தேய்த்தார். குழந்தைக்குப் பூசும் பவுடரைக் கொட்டினார். தேங்காயெண்ணெய் தடவினார். பால் புட்டியில் மிச்சமிருந்ததை ஓர் ஓரத்தில் தெளித்தார். செய்ததெல்லாம் முறையாகவே செய்தார்.

கடையில் வறுத்த வாழைப்பழம் விற்ற மாச்சிக், வயதான மலாய்க்கார அம்மா, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காசியான்," என்று பரிதாபப்பட்டார். குழந்தைக்காகச் சொன்னாரா, அப்பாவுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஒரு பழத்தை அப்பாவிடம்தான் நீட்டினார்.

தியாஷினி கைலியை முகர்ந்தாள். "கடத் துணி," என்று தீர்ப்புச் சொன்னாள். லாவண்டர் அசையவில்லை.

"இன்னொன்னு என்னங்க தடவலாம்? டீசலா?" என்றார் யோகேஸ்வரி. பிறகு சிரிக்கவா அழவா என்று தெரியாதவராகச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வுடுங்க. அக்கா காலத்தான பாக்கணும்னு சொல்லுச்சு. போட்டோ எடுத்து அனுப்பிடலாம்."

திரும்பிவிடலாம் என்று அவர் மனைவி சொன்னது அதுவே முதல் முறை. கழுத்து வலிக்கு அதைவிட நல்ல மருந்து கிடைத்திருக்க முடியாது. ஆனால் குணாளனுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டு நின்றவர், குழந்தையின் அழுகை நின்றிருப்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

அவள் பவுடருக்காகத் திறந்துவைத்த பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள். அடியிலிருந்து ஒரு பச்சைக் கட்டம் போட்ட கைலியை இழுத்தாள். குணாளனின் இரவுக் கைலி. துவைக்காதது. அதைத் தரையில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பா துணி," என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணாளன் ஓசையில்லாமல் பூக்கைலியைக் கழற்றினார். பச்சைக் கட்டத்தை மாட்டினார். யோகேஸ்வரி மகளைத் தூக்கி உள்ளே போட்டார். சுருள்கம்பி நீண்டது, சுருங்கியது. மறுபடி நீண்டது. வாழைப்பழம் வெந்து முடியுமுன் தியாஷினி தூங்கிப்போனாள்.

எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக அவளாக விழிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள். பனி விலகியது, மறுபடி மூடியது. குணாளன் ஆட்டிக்கொண்டே பழம் தின்றார்.

"ஏங்க," என்றார் யோகேஸ்வரி, "அவரு வீட்டுல அந்தக் கைலியவா மாட்டப் போறீங்க? அதுல கறி கொழம்பு கொட்டுன கறை இருக்கு."

"இருக்கட்டும்."

"அப்ப நீங்க என்னாத்தக் கட்டிக்குவீங்க?"

குணாளன் பெட்டியின்மேல் கிடந்த செம்பருத்திப் பூக்களைப் பார்த்தார். 

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கோத்தா பாருவை அடைந்தார்கள். காரில் மறுபடி கண்ணயர்ந்துவிட்ட குழந்தையைக் கைலியில் சுருட்டியபடியே தூக்கிவந்து, கூடத்தின் நடுவில் புவாயை விரித்துப் போட்டார்கள். சுற்றிலும் தாவாவுக்குப் போகும் பெட்டிகள். விக்னேஸ்வரன் வந்தார். கறையைப் பார்த்தார். அதைப் பார்க்காமல் இருப்பது அவரால் முடியாது. வாயைத் திறந்தார்.

"ஏதாச்சும் சொன்னீங்கன்னா, தாவாவுக்கு ஒத்தையாத்தான் போவீங்க," என்றார் புஷ்பவள்ளி.

விக்னேஸ்வரன் வாயை மூடினார். "குளிச்சிட்டு வாங்க தம்பி, சாப்பிடலாம்," என்றார்.

புஷ்பவள்ளி புவாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தை நன்றாகச் சுருண்டிருந்ததால் தலையும் தோளும் தெரியவில்லை. கைலிக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சுண்டு வெரலு ஒன்ன மாதிரியேடி, கோணலா."

"மெதுவா பேசுக்கா. முழிச்சிக்குவா."

"முழிக்கட்டும். நான் இருக்கேன்." ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்னொரு கையால் தங்கையின் கையைப் பிடித்திருந்தார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்த குணாளனிடம் தேங்காயெண்ணெய், பவுடர், பால், லாவண்டர் ஆகிய எல்லா வாசனையும் இருந்தது. இடுப்பில் மஞ்சள் செம்பருத்தி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விக்னேஸ்வரன் மட்டும் தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன்பே தியாஷினி எழுந்து, கடல் கடல் என்று எல்லாரையும் எழுப்பினாள். உடை மாற்ற நேரம் கொடுக்கவில்லை. கடற்கரையில் புஷ்பவள்ளி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டார். காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். அவள் மறுபடி இறங்கி மணலை ஒட்டிக்கொண்டாள். அவர் மறுபடி தட்டினார்.

தொலைபேசியில் காளிதாசனின் குரல்பதிவு காத்திருந்தது. "டேய், எங்கடா ஒளிஞ்சிருக்கே? பாலிங்ல ரூம் போட்டுட்டியா? சோறு ஆறிப்போச்சு." குணாளன் வாதாட விரும்பவில்லை. கெடாவில் சூரியன் கடலில் மறையும், கடலிலிருந்து எழாது. ஆகவே மனைவியிடம் தொலைபேசியைக் கொடுத்து, தண்ணீரிலிருந்து எழும் சூரியனுக்கு முன்னால் நேராக நின்று, ஒரு படம் எடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அண்ணனிடமிருந்து பதில் மதியம்தான் வந்தது.

"சரி, கோத்தா பாருதான். ஒத்துக்கறேன். கைலி யாரோடது?"