மரைக் காட்டுக்கு ஓர் உழவு மெஷின்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்ன் வீதியில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் நாங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடிப்போம். எங்கள் ஆட்கள் அவ்வளவு குறைவு. நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வரைபடப் பகுதியில் நான் ஒருவன்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கால்பந்தைப் பற்றிப் பேசுவார்கள், பியரைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு இரண்டிலும் அனுபவம் போதாது. என் பங்குக்குப் பேச ஒன்றுதான் இருந்தது, எங்கள் வீட்டு உழவு மெஷின்.

டிராக்டரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வன்னியில் எங்களுக்கு வயல் இருந்தது. கால் பெடலுக்கு எட்டிய நாளிலிருந்து நான் மெஷின் ஓட்டியவன். முழங்கால் சேற்றில் உழுதது, குளக்கட்டில் நெல் மூட்டை ஏற்றிப் போனது எல்லாவற்றையும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தே சொல்லி வந்தேன். மறுத்துப் பேச அங்கே ஊரவர் யார் இருந்தார்கள்? கொஞ்ச நாளில் இலங்கையிலேயே மெஷினைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று அலுவலகம் நம்பத் தொடங்கிவிட்டது. சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன்.

எல்லாரையும்விட அதிகம் நம்பியவர் என் பக்கத்து மேசைக்காரர். என் வயதுதான். ஆள் கதவு நிலையளவு உயரம். அவர் ஒருநாள் பென்சில் சீவிக்கொண்டே சொன்னார். அவர் பேசியது இங்கிலிஷ், ஆனால் என் காதில் விழுந்த மாதிரியே எழுதுகிறேன்.

"எங்கட வேட்டைக் காணிக்கு ஒரு டிராக்டர் வேணும். நீதான் தெரிஞ்சு தரவேணும்."

வேட்டைக் காணி என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் வேட்டை என்றால் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவது, அவ்வளவுதான். காட்டுக்கு ஏன் டிராக்டர்? அவர் பொறுமையாகச் சொன்னார். வடகிழக்கே மலைக்குள் அவருடைய தகப்பன் ஒரு காட்டுத் துண்டு வாங்கி வைத்திருந்தார். காணியின் நடுவில் ஒரு புல்வெளி. அதை வெட்டி வெட்டி விட்டால்தான் இளம்புல் முளைக்கும், இளம்புல் முளைத்தால்தான் பொழுதுபட மான் இறங்கி வரும். அங்கே போகிற பாதையில் விழும் மரங்களை இழுத்துப் போட வேண்டும். முட்பற்றையை அடிக்க வேண்டும். கோடை வருமுன் காய்ந்த புல்லை ஒதுக்காவிட்டால் ஒரு தீப்பொறியில் எல்லாம் போய்விடும். தகப்பன் செத்த பிறகு அங்கே யாரும் கை வைக்கவில்லை.

"அப்பா எப்படிப் போனவர்?" என்று கேட்டேன்.

"அங்கதான். மெஷின் பிரண்டது. அவர் அதுக்குக் கீழ."

சொல்லிவிட்டுப் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூர் சரியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மனைவியையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அவருடைய மனைவி, கோப்பைகளைத் துடைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விருந்தாளி கோப்பை துடைக்கிற வழக்கம் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கூப்பிட்டது அதற்கல்ல.

"நான் அந்தக் காணியை வில் எண்டு சொல்லிப் பார்த்தன். கேக்கிறாரில்லை. அப்பாவின்ர வேலையை விடமாட்டாராம். சரி, போகட்டும். ஆனால் நீங்கள் தெரிவு செய்யிற மெஷின் இவரைத் திருப்பி அனுப்பவேணும். ஞாயிறு பின்னேரம் இவர் இந்த மேசையில இருந்து சாப்பிடவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

ஈரக் கோப்பையைப் பிடித்தபடி, "ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். சாப்பாட்டு நேரக் கதைகள் என்னைக் கொண்டுவந்து மாட்டிவிட்ட இடம் அது.

மெஷின் பார்க்கப் போனது மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்ன் பக்கம். இன்றைக்கு எங்கள் ஆட்கள் வீடு வாங்க முண்டியடிக்கிற இடம். அன்றைக்கு முட்கம்பி வேலியும் மாடும் காற்றும்தான். ஒரு பெரிய தகரக் கொட்டகை, முன்னால் பலவித டிராக்டர்கள். அப்படி ஒரு காட்சியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கள் ஊரில் ஒரு மெஷின் வந்தால் ஊரே கூடி நிற்கும். இங்கே தேர்முட்டியில் தேர்களை அடுக்கி வைத்தது போல நின்றன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு வெயிலில் சுட்டது, அந்தச் சூடுகூட எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சிவப்பு. உயரமான பின் சக்கரம், நீண்ட மூக்கு, ஏறி இருந்தால் யானை மேல் இருக்கிற உணர்வு. மற்றது நீலம். குட்டை, அகலம், தவளை குந்தியிருப்பது போலப் பதிந்து நின்றது. அதன் இருக்கைக்குப் பின்னால் தடித்த இரும்புக் குழாயில் ஒரு வளைவு எழும்பி நின்றது.

"இது என்ன, படங்கு கட்டவோ?" என்று விற்பனைக்காரரைக் கேட்டேன். வெயிலுக்குத் துணி கட்டுகிற சட்டம் என்றே நினைத்தேன்.

"இல்லை. மெஷின் பிரண்டால் ஆள் நசியாமல் இருக்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகும்போது எங்கே போகிறாய் என்று கேட்டாலே காலைக் கழுவிவிட்டுத் திரும்பப் புறப்படுகிற ஆட்கள் நாங்கள். வாங்குமுன்பே கவிழ்வதைப் பற்றிப் பேசுகிற வண்டியை எந்தத் தமிழன் வாங்குவான்? அதுவும் தகப்பன் அப்படிப் போன வீட்டுக்கு? தாலி கட்டுகிற இடத்தில் பாடை கட்டக் கயிறு எவ்வளவு என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. எனக்கு வேறு நியாயமும் இருந்தது. வயலில் மெஷின் ஆளைக் கொல்வது முன்பக்கம் தூக்கித்தான். சக்கரம் சேற்றில் புதைந்து, ஓட்டுகிறவன் முன்னுக்கு முறுக்கினால் மூக்கு எழும்பிப் பின்னால் மல்லாந்துவிடும். சிவப்புக்கு மூக்குப் பாரம், தூக்காது. தகப்பன் ஓட்டியதோ சின்ன மெஷின் என்று நண்பர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் பெரியதே பத்திரம்.

"சிவப்பு" என்றேன். நண்பர் தலையாட்டினார். ஒரு கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு தந்தால் போதும் என்று விற்பனைக்காரர் லொறியில் ஏற்றி அனுப்பினார்.

சனிக்கிழமை விடிய நண்பரும் நானும் புறப்பட்டோம். என் மனைவி ஒரு கடதாசிப் பையைக் கையில் தந்தாள். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் பின்வளவில் காய்த்த பெரிய மஞ்சள் எலுமிச்சம்பழங்கள்.

"ஊரில எண்டால் தேசிக்காய். இஞ்ச இதுதான் கிடைக்குது. வேலை துவங்கிற இடத்தில சில்லுக்குக் கீழ வச்சு நசிச்சுப் போட்டு ஓட்டச் சொல்லுங்கோ. மறந்திடாதேங்கோ" என்றாள்.

மலை தொடங்கியது. நான் காட்டுக்காரன் என்று நினைத்திருந்தேன். வன்னிக் காடு மட்டமான நிலத்தில் அடர்ந்து நிற்கும், அதன் பாலை மரமும் வீரை மரமும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். இங்கே நின்றவற்றை மரம் என்று சொல்லவே கூசியது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது, நுனி தெரியவில்லை, பனிப்புகாருக்குள் போய்விட்டது. பட்டை உரிந்து நீள நீளமாகத் தொங்கியது. கீழே பன்னங்கள், இறகு போன்ற இலையுள்ள பூவாத செடிகள், தென்னை உயரத்தில் நின்றன. எங்கள் ஊரில் பன்னம் கிணற்றுக் கட்டில் முளைக்கும், கையால் பிடுங்கி எறிவோம். நான் காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, ஒரு மரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. நண்பர் சிரிக்கவில்லை. அவரும் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

லொறி சிவப்பு மெஷினைக் காணி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அங்கிருந்து புல்வெளிக்கு மலை விலாவை வெட்டி ஒரு மண் பாதை போகிறது. நண்பர் ஏறி மெஷினை ஸ்டார்ட் செய்து பாதை முகப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கையைக் காட்டி மறித்து, எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இன்ஜினை நிற்பாட்டிவிட்டு மேலேயே இருந்து ஆவலாகப் பார்த்தார்.

முன் சில்லுக்கு முன்னால் ஒரு பழத்தை வைத்தேன். அது நிற்கவில்லை. பக்கவாட்டில் உருண்டு பாதையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. பழம் சரியில்லை என்று இன்னொன்றை வைத்தேன். அதுவும் போனது. மூன்றாவதை விரலால் பிடித்து வைத்து, மெதுவாகக் கையை எடுத்தேன். அதுவும் அதே பக்கம், அதே அவசரத்தில்.

எங்கள் ஊரில் தேசிக்காயைச் சில்லடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அது உருளும் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. என் கண்ணுக்கு அந்தப் பாதை மட்டமாகத்தான் தெரிந்தது. வயலைப் பார்த்துப் பழகிய கண்.

அப்போது கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. கார் ஹோர்ன் போல, ஒரேயொரு தரம், காடு முழுக்க அதிர. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் குளத்துக்கு அந்தப் பக்கம் சிறுத்தை நடமாடினால் கேட்கிற குரல்.

விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பழம் உருண்டு போய்க் கலைத்துவிட்டதாக்கும், பன்னங்களுக்கு நடுவில் ஓர் ஆண் மரை எழும்பி நின்று எங்களைப் பார்த்தது. கறுத்த பிடரி, கொம்பு, நிமிர்ந்த காது. எங்கள் வன்னிக் காட்டுப் பெரிய மான், மரை. பூமியின் அடிவிளிம்பில், பனிப்புகாருக்குள், யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே.

"சாம்பர்" என்று நண்பர் மேலேயிருந்து மெல்லச் சொன்னார். "உங்கட பக்கத்து மிருகம்தான். நூறு வருஷத்துக்கு முந்திக் கப்பலில கொண்டுவந்து விட்டவங்கள். இப்ப மலை முழுக்க இதுதான்."

"மரை" என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் மட்டும் தனியே வந்து அகப்பட்டுக்கொண்டேன் என்ற எண்ணம் நெஞ்சில் ஒரு மூலையில் கிடந்தது. எனக்கு முன்னால் இது வந்து, குட்டி போட்டு, இந்தக் குளிருக்குள் பெருகி, மலையையே தன்னுடையதாக்கி நிற்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நண்பரின் துவக்கு காரில் கிடந்தது. அவர் அதை நினைத்ததாகவே தெரியவில்லை.

அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆண் மரை ஒரு எருமைக் கன்றைவிடப் பெரிது. இதுவோ ஆட்டுக்குட்டியளவில் தெரிகிறது. அப்படியானால் அது எவ்வளவு கீழே நிற்கிறது? விளிம்பிலிருந்து ஓரடி பின்னுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தேன். அந்த உயரமான சிவப்பு மெஷின், யானை மேல் இருப்பது போல என் நண்பர், அவருக்குக் கீழே பழம் நிற்காத நிலம். மெஷின் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இங்கே மூக்கு எழும்பாது. இங்கே விலாப்பக்கம்தான் போகும்.

"இறங்கு" என்றேன்.

"ஏன், உன்ர பூசை முடிஞ்சுதோ?"

"இறங்கு. மேட்டுப் பக்கமாய் இறங்கு. இது வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், இறங்கினார். பிறகு, "அப்பா போனது இந்தத் திருப்பத்துக்கு அங்கால" என்றார்.

மரை போய்விட்டிருந்தது. பன்னம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கிரெய்கிபர்னுக்குப் போய், சிவப்பைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டு நீலத்தை எடுத்தோம். சிவப்பின் சக்கரங்களை அகட்டிப் போடலாம் என்று விற்பனைக்காரர் சொன்னார். அகட்டினாலும் உயரம் குறையாதே என்றேன். அந்த இரும்பு வளைவைப் பார்க்க எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. ஆனாலும் கையால் பிடித்து, நல்லாய்ப் பொருத்தியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. புது மெஷினுக்கு எலுமிச்சம்பழத்தை அந்த முற்றத்திலேயே, கொங்கிறீட் தரையில் வைத்து நசித்தோம்.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நண்பரின் மனைவி.

"இண்டைக்குப் புல்லு ஈரம். வழுக்கி, மெஷின் பக்கவாட்டில சரிஞ்சு போச்சு" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வளைவு நிலத்தில குத்தி நிண்டிட்டுது. அதுக்கு மேல பிரளயில்லை. இவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்து, பிறகு ஊர்ந்து வெளிய வந்தவராம். முழங்கையில ஒரு கீறல்."

"இப்ப எங்க?" என்றேன்.

அவர் ரிசீவரை மேசைப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். முள்ளும் கத்தியும் கோப்பையில் படுகிற சத்தம் கேட்டது. யாரோ கதிரையைப் பின்னால் தள்ளினார்கள், உப்பு எங்கே என்று நண்பரின் குரல் கேட்டது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.