மீனாட்சிபுரத்தில் ஒரு ஏரோப்ளேன் வளர்த்தோம்

பழைய போர் விமானத்தைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கறைபடாத சட்டை கிடையாது, வீட்டில் நல்ல பெயரும் கிடையாது.

உங்களில் பழைய மோட்டார் சைக்கிளோ, அப்பா காலத்து ஆயில் இன்ஜினோ வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்கள் இருந்தால் நாமெல்லாம் ஒரே ஜாதி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எங்களுக்குப் பழக்கம்தான்.

எழுபதுகளில் பாலக்காட்டு எல்லையோர மீனாட்சிபுரத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வாரத்தில் ஆறு நாள் மோட்டாருக்குக் காயில் கட்டுவேன், ஏழாவது நாள் ஏரோப்ளேன். யுத்தகாலத்தில் விமானிகள் ஓட்டப் பழகிய 'டைகர் மாத்' அது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக ஆள் உட்கார இரண்டு குழி, கூரை கிடையாது. விமானப்படை கழித்துவிட்டதைக் கேட்டு வாங்கி வந்தவர் கேப்டன் விஸ்வநாதன். கல்பாத்திக்காரர், படையில் பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். படையில் அவருடைய பதவிக்குப் பெயர் வேறு. கேப்டன் என்பது எங்கள் ஊர் கொடுத்த பதவி. இன்ஜினுக்கு நான். துணி, தையல், கம்பி வேலைக்கு சுடலைமுத்து அண்ணாச்சி. அவரும் முன்னாள் விமானப்படைதான். அப்போது சூரியநெல்லியில் தேயிலை ஃபேக்டரி மெக்கானிக். லீவு கிடைத்தபோதெல்லாம் மலையிறங்கி, பஸ் மாறி மாறி வருவார். இடம் பழனியம்மாக்காவுடையது. அவர் கடலை மூட்டை அடுக்கிய கோடவுன்தான் மியூசியம், மாடு மேய்கிற புல்காடுதான் ரன்வே.

விமானத்தைக் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆய்வு அதிகாரி ஒருவர் வந்து, தானே ஏறிப் பறந்து பார்ப்பார். சரி என்று அவர் சொன்னால் விமானம் எங்களிடம் பறந்துகொண்டிருக்கலாம். சரியில்லை என்றால் இன்ஜினைக் கழற்றிவிட்டு, வெறுங்கூட்டைப் பக்கத்து டவுன் பூங்காவில் சிமென்ட் தூண்மேல் நட்டுவிடுவார்கள். பூங்காக் கமிட்டி அதற்காக மணல்கூட இறக்கிவிட்டது. அந்தப் பக்கம் போனால் மணலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

கட்டிலும் இறக்கையும்

மியூசியம் என்று பலகை மாட்டிய புதிதில், வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "இது குண்டு போடுமா?" என்பதுதான். இது பழகுகிறவர்களுக்கான விமானம், போடாது என்றதும் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிடும். மீதிப் பேர் சுற்றிவந்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல ஆங்காங்கே தட்டிப் பார்ப்பார்கள்.

வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் குடும்பத்தோடு வந்தார். இறக்கையைத் தட்டினார், தவில்போலச் சத்தம் வந்தது. தகரமில்லையா என்றார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்: உள்ளே மரச்சட்டம், மேலே பருத்தித் துணி, அதன்மேல் 'டோப்' என்று ஒரு மருந்து, பூசப் பூசத் துணி சுண்டி இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடும், யானை பலம் என்றேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மனைவி மக்களைக் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் காதருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக் கயித்துக் கட்டிலே இதவிடக் கெட்டிங்க. அதுலயே நாங்க பாத்துத்தான் உக்கார்றமுங்க."

கொத்தனார் அளவெடுத்தது

பூங்காக் கமிட்டி அனுப்பிய கொத்தனார் ஒருநாள் நூல்கண்டோடு வந்து சேர்ந்தார். ஆய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன் என்னை அடக்கிவிட்டு, கொத்தனாரைப் பின்குழியில் உட்காரவைத்து, விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிற கட்டையைக் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். ஆட்டியதும் இறக்கையின் ஓரமெல்லாம் மேலும் கீழும் அசைந்தது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இறங்கவே மனமில்லை. ஆள் நம் கட்சிக்கு வந்துவிட்டார் என்று கேப்டன் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

கொத்தனார் இறங்கினார், விமானத்தைத் தொட்டுக் கும்பிட்டார், அப்புறம் நூலைப் பிரித்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அளந்தார். அளந்து முடித்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க சாமி, அருமையான சாமானுங்க. ஆனா ரெக்கை ரோட்டுக்கு வந்துருமாட்ட இருக்குதுங்க. ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் அறுத்துக்கலாமுங்களா?"

ஊசிக்கு இரண்டு பக்கம்

இறக்கைக்குத் துணி போர்த்துவதோடு வேலை முடியாது. மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளேயிருக்கும் சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, முழ நீள ஊசியைக் குத்தித் தள்ள, எதிராளி வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கும், அதுதான் கணக்கு. சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு பக்கம், பழனியம்மாக்கா மறுபக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சண்டை மட்டும் துணி வழியாக நடக்கும்.

அக்காவின் கை வேகமான கை. ஒரு சாயங்காலத்தில் ஒரு வரிசையை முடித்துவிட்டு எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். அண்ணாச்சி விரலால் தடவிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். "இங்கன ஒரு முடிச்சு தளந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்து வரிசை முழுவதையும் வெட்டிவிட்டார். அக்கா வெட்டிப்போட்ட நூலைப் பொறுக்கினார். பிறகு என்னிடம் சொல்வதுபோல, "இந்த மனுசனுக்குப் பொண்ணக் குடுத்தவங்க பாவமுங்க தம்பி" என்றார். அண்ணாச்சி புது நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்:

"எம் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுதா. இந்தாங்க, ஊசியப் பிடிங்க."

மேய்ச்சல்

டோப் மருந்துக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை. எங்களுக்குத் தலைவலி தரும், மாடுகளுக்கு அது தேவாமிர்தம். இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாலில் நிற்கும் சுக்கானுக்குப் புதுத்துணி போட்டு, மருந்து பூசி, காயட்டும் என்று வெளியே சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது சட்டம் இருந்தது, துணி இல்லை. பக்கத்தில் அக்காவின் செவலைப் பசு கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்த பார்வையில் நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் பாலைத் தனியே கறந்து கீழே ஊற்றச் சொன்னார் கால்நடை டாக்டர். பால் சொசைட்டியில் செவலையின் பால் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா யோசிக்கவே இல்லை:

"ஏரோப்ளேன்ல மேஞ்சுட்டு வந்துதுங்க, எறங்கட்டும்னு இருக்கறமுன்னு சொல்லுங்க."

தத்தமங்கலம் ரோட்டில்

ஆய்வுக்கு முன்னால் சோதனையாகப் பறந்து பார்க்க மட்டும் எங்களுக்கு அனுமதி இருந்தது. ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்தை வேரோடு ஆட்டுகிற காலம். கேப்டன் மேற்கே பார்த்துக் கிளம்பினார். விமானம் முழுவேகத்தில்தான் போயிற்று, ஆனால் காற்றும் முழுவேகத்தில் எதிரே வந்தது. திரும்பி வந்து இறங்கியவர், "இன்ஜின் தேவலை, கேட்டேளா, தங்கமாக்கும்" என்று என் முதுகில் தட்டினார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பாலக்காட்டிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி நேரே கேப்டனிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்:

"போறப்போ தத்தமங்கலத்துக்கிட்ட உங்க ஏரோப்ளேன நாங்க ஓவர்டேக் பண்ணிட்டமுங்க சாமி. வருத்தப்படாதீங்க, வண்டில இன்னிக்குக் கூட்டமும் கம்மிதானுங்க."

சந்தனம்

ஆய்வு அதிகாரி மெட்ராஸிலிருந்து பழனிக்குப் போகிற வழியில் விஜயதசமி அன்று வருவதாகத் தகவல் வந்தது. நல்ல நாள், வேறென்ன வேண்டும்? முந்தின நாள் ஆயுத பூஜையை ஊரே மெச்சும்படி செய்தோம். ஸ்பானர், சுத்தியல், சைக்கிள் பம்ப், முழ நீள ஊசி எல்லாவற்றுக்கும் பொட்டு. விமானத்துக்கு மூக்கிலிருந்து வால்வரை சந்தனம், குங்குமம், மாலை. இறக்கைகளுக்கு நடுவே நிற்கிற கம்பத்தில் விரல் கனத்துக்கு ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அதற்குள் புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். தூசு போகக்கூடாது என்று எப்போதும் ஒரு துணி உறை போட்டிருப்போம். நல்ல நாளில் அதை மட்டும் விடுவானேன் என்று உறையைக் கழற்றி, குழாய்க்கும் தாராளமாகச் சந்தனம் வைத்து, ஈரம் காய்ந்ததும் திரும்ப உறையைப் போட்டார்கள். யார் கை என்று கேட்காதீர்கள். அன்று எல்லார் கையிலும் சந்தனம் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது, நாங்களும் தொடவில்லை.

அதிகாரி வந்தார். கறாரான ஆள், பழனிக்குப் போகக் கட்டிய வேட்டி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஒவ்வொரு முடிச்சாக, ஒவ்வொரு கம்பியாக அவரே பார்த்தார். அந்தக் குழாயின் உறையையும் அவரேதான் கழற்றினார். சந்தனத்தைப் பார்த்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவர் முன்குழியில், கேப்டன் பின்குழியில். நான் மூக்கிலிருக்கும் விசிறியைச் சுழற்றிவிட்டேன், இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடியது, எழும்பியது, தென்னை மரங்களுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது, புல்லில் பூ வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு இறக்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாங்கள் கைதட்டினோம். அதிகாரி மட்டும் குழியைவிட்டு எழவில்லை.

"வேகமுள் கிளம்பினதுலேர்ந்து பூஜ்யத்தைவிட்டு அசையலை" என்றார். "வேகம் தெரியாத விமானத்தை நான் எப்படிப் பாஸ் பண்றது?" எனக்குக் கண்முன்னால் அந்த மணல்குவியல்தான் வந்து நின்றது. கேப்டன் முகம் வெளிறிவிட்டது. இறங்கி, நேரே அந்தக் குழாயிடம் போனார், நகத்தால் சுரண்டினார், சந்தனத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முள் எழும்பலைன்னு தெரிஞ்சபோது தரையைவிட்டாச்சு. இறக்கைக் கம்பியிலே காத்து பாடறதைக் கேட்டே ஓட்டினேன்" என்றார்.  இருபது வயதில் எந்த மாதிரி விமானத்தில் பறக்கக் கற்றாரோ, அதே மாதிரி விமானத்தைத் தூணுக்கு அனுப்பப்போகிறவரின் குரல். 

பழனியம்மாக்கா முன்னால் வந்தார். "ஏனுங்க ஐயா, காத்தால நீங்களும் அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்கல்லங்க" என்றார், வெகு சாதாரணமாக.

அதிகாரி அக்காவைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், வெகுநேரம் பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு, "அடைப்பை எடுங்க. இன்னொரு தடவை மேலே போகலாம்" என்றார். அண்ணாச்சி குழாயின் மறுகோடியில் இணைப்பைக் கழற்றிவிட்டு, முந்தின நாள் பொட்டு வைத்த அதே சைக்கிள் பம்பால் ஊதினார். பட்டாணி அளவில் சந்தனம் வெளியே வந்து விழுந்தது. மறுபடி ஏறினார்கள். இந்தமுறை முள் ஒழுங்காக நகர்ந்ததாம். கேப்டன் அந்த முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாம். விளைவு, இறங்கும்போது விமானம் தவளையாகத் தத்தித் தத்தித்தான் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதிகாரி இறங்கினார், வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார், கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பறக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கார் கதவைத் திறந்தவர் ஒரு நிமிஷம் நின்று, எங்கள் எல்லாருக்குமாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"சாமி கும்பிடறதை நான் வேண்டாங்கலை. ஆனா அதுக்கு நெத்தி எது, மூக்கு எதுன்னு கேட்டுக்கிட்டுப் பொட்டு வைங்க."

அந்தத் தூணில் ஏறியிருந்தால் விமானத்துக்கு வருஷத்துக்கு ஒரு மாலையோடு போயிருக்கும், பறக்கட்டும் என்று அவர் சொன்னதால் மிச்சமிருந்த எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து அதற்கே எழுதிக்கொடுக்கும்படி ஆயிற்று.